திறன்மிகு வகுப்பறை: ஒரு மறுப்பு

வகுப்பறைக்குள் தொழில்நுட்பம் நுழைந்துவிட்டால் மூன்று காரியங்கள் நடந்துவிடும் என்று இன்று ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறார்கள். பிள்ளைகள் ஆர்வமாகக் கவனிப்பார்கள். யாருக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். பின்தங்கியவர், மாற்றுத்திறனாளி, மெல்லக் கற்பவர் என ஒருவர் விடாமல் அவரவருக்கேற்ற உதவி கிடைத்துவிடும். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும், தனியார் பள்ளித் தாளாளரும் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒரே அணி. திறப்பு விழாவில் நாடாவை யார் வெட்டுவது என்பதில் மட்டும்தான் தகராறு.

இந்த நம்பிக்கையின் விலை சிறியதல்ல. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளையும் 8,209 உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களையும் அமைக்க, கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரானுக்குப் போன ஒப்பந்தத்தின் மதிப்பு ரூ.1,076 கோடி. ஆசிரியர்களுக்கான கைக்கணினி, இணைய இணைப்பு, செயலிகள், அவற்றுக்கான பயிற்சி எல்லாம் தனிக் கணக்கு. செலவைக் குறைசொல்ல நான் வரவில்லை. கல்விக்குச் செலவழிக்காத அரசைவிடச் செலவழிக்கும் அரசு எவ்வளவோ மேல். வாங்கியது எது, சொன்ன வேலையை அது செய்யுமா என்பதே வழக்கு.

எதிர்த்தரப்பை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்கிறேன். நாற்பது பிள்ளைகள் நாற்பது நிலையில் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியரால் அத்தனை பேரையும் தனித்தனியே பார்க்க முடியாது, இயந்திரத்தால் முடியும். தாளில் தேர்வு வைத்தால் திருத்தி வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் பாடம் எங்கோ போய்விடும். கருவி அந்த நிமிடமே சொல்லிவிடும். பார்வையற்ற பிள்ளைக்கு எழுத்தை வாசித்துக் காட்டும், காது கேளாத பிள்ளைக்குப் பேச்சை எழுத்தாக்கித் தரும். தனியார் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் கிடைத்தாக வேண்டும். கரும்பலகையும் ஒரு காலத்தில் புதுக் கருவிதானே என்று கடைசியாக ஒரு கொக்கியும் போடுவார்கள்.

இவை எதுவும் உளறல் இல்லை. நல்ல ஆசிரியர்கள், பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்கள் இப்படிப் பேசுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்கும் நாம் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கும் பொருளுக்கும் தொடர்பு இல்லை என்பதே என் மறுப்பு.

1. பிள்ளைகள் திரையைப் பார்க்கிறார்கள் என்பது எதற்குச் சான்று?

திரையில் ஏதோ ஓடுகிறது என்பதற்கு. அதற்கு மேல் எதையும் அது நிரூபிக்கவில்லை.

இந்த வாக்குறுதி நமக்குப் புதிதும் இல்லை. பள்ளிப் பாடமெல்லாம் இனி சலனப்படத்தில்தான், புத்தகம் வழக்கொழிந்துவிடும் என்று எடிசன் சொன்னது 1913இல். 1975–76இல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியில் கல்வி கொடுத்துப் பார்த்தது இஸ்ரோ. 1984இல் 'கிளாஸ்' திட்டத்தின் கீழ் நம் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. 2004இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் பறந்தது. பொறியியல் சாதனை என்று பார்த்தால் இவற்றில் சில மகத்தானவை. ஆனால் இதே மூன்று வாக்குறுதிகளைச் சொல்லிக்கொண்டு வந்த கருவிகளின் வரிசை இது. ஒவ்வொன்றும் பழசானதும், முந்தையது ஏன் சொன்னதைச் செய்யவில்லை என்று கேட்காமலே அடுத்ததற்கு ஒப்பந்தப்புள்ளி கோரினோம்.

கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் திணறுகிற ஒரு பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அதில் ஆர்வம் பொங்காது, எரிச்சல்தான் தெரியும். அழிப்பான் தேயும். ஆனால் கற்றல் நடக்கிற நேரம் அது. ஒளிச்சேர்க்கை அசைபடம் ஓடும்போது மலர்ந்திருக்கிற முகம், படம் முடிந்து "இலை எதை எடுத்துக்கொண்டது, எதை வெளியே விட்டது?" என்று கேட்டால் பக்கத்து முகத்தைத் தேடும். பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து வகுப்பறையை அளக்கிற பழக்கம் சினிமாக் கொட்டகையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

வினாடி வினாச் செயலிகள் இதைவிட மேல் என்பார்கள். பிள்ளை வெறுமனே பார்க்காமல் பதில் சொல்கிறதே என்று. கஹூட் போன்றவற்றில் விரைவாக அழுத்துபவருக்குப் புள்ளி அதிகம். வகுப்பே கத்துகிறது, கைதட்டுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பையன் கேள்வியை முடிக்கும் முன்னே நேரம் முடிகிறது. மூன்றாம் கேள்வியில் கடைசி இடத்துக்குப் போனவன், நான்காம் கேள்வியிலிருந்து வாசிக்காமலே அழுத்துகிறான். அறிக்கையில் அவனும் பங்கேற்றவன்தான்.

2. ஒரே பாடத்தைப் பெரிதாகக் காட்டுவதற்கும் தனித்தனி உதவிக்கும் என்ன சம்பந்தம்?

கருவி ஆதரவாளர்கள் கையில் இருக்கும் மிக வலுவான இந்தியச் சான்று, டெல்லியில் நடந்த ஆய்வு ஒன்று. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்து நடத்திய கறாரான ஆய்வு. நான் அதை நம்புகிறேன். நம்புவதால்தான் அங்கே என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்கிறேன்.

அந்த ஆய்வில் இடம்பெற்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது இடைவெளி நாலரை வகுப்பாகியிருந்தது. மென்பொருள் முதலில் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் நான்காம் வகுப்புக் கணக்கில் நிற்கிற பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கணக்கையே கொடுத்தது. ஆளுக்கு ஒரு கணினி. பள்ளி நேரத்துக்கு வெளியே, தனி மையத்தில். தொண்ணூறு நிமிடத்தில் பாதி கணினியோடு, மறுபாதி சிறு குழுவாக உதவி ஆசிரியரோடு. முன்னேற்றத்தில் பெரும் பங்கு மென்பொருளுக்குத்தான் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். இருக்கட்டும், அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது நம் திறன்மிகு வகுப்பறையின் ஒளிரும் பலகைக்கு வருவோம். ஐந்தாம் வகுப்பு அறையில் அது காட்டுவது ஐந்தாம் வகுப்புப் பாடம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில். வகுத்தல் தெரியாத பிள்ளைக்குப் பின்னக் கணக்கைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக் காட்டினாலும் ஒன்றுதான், வண்ணப் பூச்சியாகப் பறக்கவிட்டாலும் ஒன்றுதான். டெல்லியில் வேலை செய்தது, பிள்ளை நிற்கும் இடத்துக்குப் பாடம் இறங்கி வந்தது. பலகையில் பாடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வெளிச்சம்தான் கூடியிருக்கிறது. ஆக, டெல்லி ஆய்வு நம் கொள்முதலுக்கு எதிரான சாட்சி. அதை மேடையில் ஆதரவாக எடுத்துக்காட்டுவோர் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிள்ளை தன் வேகத்தில் படிக்க மின்சாரம் தேவை என்று யார் சொன்னது? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08 வாக்கில் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் போன செயல்வழிக் கற்றலை இதற்குள் மறந்துவிட்டோமா? ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறை அதன் வேர். சுவரில் ஏணிப்படி அட்டவணை தொங்கும். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, தனக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, அந்த அட்டைக்குரிய குழுவில் போய் உட்காரும். முடித்தால் அடுத்த அட்டை. இரண்டு நாள் லீவு போட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கு ஓர் இடம். இன்று 'தகவமைக் கற்றல்' என்று மென்பொருள் நிறுவனங்கள் விற்கும் சரக்கு, அட்டையும் தட்டும் வைத்து நம் ஊரில் ஏற்கெனவே ஓடியது.

குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஆசிரியருக்கு மூச்சு முட்டியது. "புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே?" என்று பெற்றோர் கேட்டார்கள். சில பள்ளிகளில் அது வெறும் சடங்காகிப் போனது. இத்தனையையும் திருத்தப் பொறுமை வேண்டியிருந்தது; நமக்கு இருந்தது அவசரம். ஏணிப்படி அட்டைக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை. அட்டை வாங்க ஆயிரம் கோடிக்கு ஒப்பந்தமும் போட முடியாது.

2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் இதே அறிவுதான். நல்ல அறிவு. அதன் தலைமேல் மதிப்பீட்டுச் செயலியை ஏற்றி வைத்ததில்தான் வினை வந்தது.

3. யாருக்குத் தெரிவதற்காக இந்த மதிப்பீடு?

ஈராசிரியர் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் தலைமையாசிரியர். அந்தச் செயலிக்காகப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கைபேசியில் பதில் பதிய வேண்டும் என்றால், ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் முப்பது பேருக்கு இரண்டரை மணி நேரம். சிக்னல் ஒழுங்காக இருந்தால் அந்தக் கணக்கு. அந்த இரண்டரை மணி நேரமும் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லை. கற்றலை அளக்கிற வேலை கற்பிக்கிற நேரத்தை விழுங்கியது. ஆசிரியர் இயக்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழுவான டிட்டோஜாக் 2023இல் போராட்டத்தில் இறங்கியபோது, பள்ளிக்கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸ் தளத்தில் பதிவேற்றும் வேலையிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்பது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. ஊதியமும் பதவி உயர்வும் மட்டுமே கேட்பவர்கள் என்று பெயரெடுத்த ஆசிரியர் சங்கங்கள், பாடம் நடத்த விடுங்கள் என்று கேட்ட விந்தையும் நடந்தது.

பதிவேற்றிய விவரம் எங்கே போகிறது? வட்டாரத்துக்கு, மாவட்டத்துக்கு, தலைமைச் செயலகத்துக்கு. அங்கே வண்ண வரைபடமாகிறது. எந்த ஒன்றியம் பச்சை, எந்த ஒன்றியம் சிவப்பு என்று ஆய்வுக் கூட்டத்தில் தெரிகிறது. சிவப்புக்குக் காரணம் கேட்டுக் குறிப்பாணை கீழே வருகிறது. மறுமுறை நிறம் பச்சையாகிறது. எப்படி ஆனது என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதற்குள் மூன்றாம் வகுப்பில் 'ர', 'ற' தடுமாறும் பிள்ளைக்கு மறுநாள் காலையில் என்ன மாற்றிச் சொல்லிக் கொடுப்பது என்பது அந்த வரைபடத்தில் எங்கும் இல்லை. மருந்தே கொடுக்காமல் காய்ச்சலை மட்டும் மணிக்கொருமுறை அளந்து மேலிடத்துக்குத் தந்தி அடிக்கிற வைத்தியசாலை இது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் வகுப்பறை மதிப்பீடு பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 1998இல் எழுதியது இன்றும் இத்துறையின் அடித்தளம். மதிப்பீட்டில் கண்டதை வைத்து அடுத்த கற்பித்தல் மாறினால்தான் மதிப்பீட்டால் பயன் என்பது அதன் சாரம். இதற்குச் சிலேட்டு போதும். "எழுபத்திரண்டில் எத்தனை பத்து? எழுதிக் காட்டுங்கள்" என்று டீச்சர் கேட்டதும் முப்பது சிலேட்டு மேலே எழும். பத்து விநாடியில் எவர் தவறு, என்ன வகைத் தவறு என்று தெரிந்துவிடும். அடுத்த நிமிடமே பாடம் திசை மாறும். சர்வர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். மேலதிகாரிக்கு இதில் ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். தெரிந்து அவர் என்ன செய்யப்போகிறார்?

ஒரு கருவியைப் பாராட்டவும் எனக்குத் தயக்கமில்லை. பிளிக்கர்ஸ் என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் கையில் அச்சடித்த காகித அட்டை மட்டும். ஆசிரியரின் ஒரே கைபேசி அறையை ஒரு முறை வலம்வந்தால் எல்லோர் விடையும் வந்துவிடும். விடை யாருக்குத் தேவையோ அவர் கைக்கே வருகிறது, யாரும் மூலையில் காத்திருக்கவில்லை. நான் எதிர்ப்பது கருவியை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

4. 'எல்லா மாணவரும்' என்ற பட்டியலைத் தயாரித்தது யார்?

பார்வையற்ற மாணவியிலிருந்து தொடங்குவோம். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழை வாசிக்கும். கைபேசிகளிலும் அந்த வசதி உண்டு. இவை அவளுடைய வாழ்க்கையை மாற்றக்கூடியவை; இதில் எதிர்த்தரப்போடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அவள் கைக்கு வரும் பாடக்குறிப்பு பழைய வானவில் எழுத்துருவிலோ பாமினியிலோ அடித்து பி.டி.எஃப். ஆக்கியதாக இருந்தால் திரைவாசிப்பானில் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல்தான் கேட்கும். அச்சுத் தாளை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் ஒன்றுமே கேட்காது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். இன்றும் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் வினாத்தாள்களில் எத்தனை ஒருங்குறியில் இருக்கின்றன என்று திறந்து பாருங்கள். பயிற்சிச் செயலிகளில் படத்தை விரலால் இழுத்துப் பெட்டியில் போடச் சொல்லும் கேள்விகள் வேறு; அவளுக்கு அந்தப் பெட்டி இருப்பதே தெரியாது. ஒளிரும் பலகையோ அவளைப் பொறுத்தவரை சுவர்.

செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு வசன வரி இல்லாத காணொளியால் என்ன பயன்? திடீர் ஒலியும் மின்னும் வண்ணமும் தாங்காத ஆட்டிசப் பிள்ளைக்குத் திரை ஓடும் பாடவேளை தண்டனை. திருவள்ளூர்ச் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளைக்குப் பலகை பேசும் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது; அதற்கு ஒடியா தெரிந்த ஓர் ஆள் வேண்டும். இவர்களெல்லாம் விதிவிலக்கு என்று ஒதுக்குவதானால், எல்லோருக்கும் என்ற சொல்லை முதலில் திட்ட அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். திட்டத்துக்கு நிதி கேட்கும்போது முன்வரிசையில் உட்காரவைத்த பிள்ளைகள் இவர்கள்.

பெருந்தொற்றுக் காலம் இதை ஒரு முறை காட்டியது. 2021 ஆகஸ்டில் பொருளியலாளர்கள் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் நலிந்த குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புறத்தில் இணையவழியில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்.

5. உலகமே செய்கிறது என்கிறார்களே, உலகத்துக்கு என்ன ஆனது?

பள்ளிகளில் கணினிக்கு அள்ளிக் கொடுத்த நாடுகளில் வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணவில்லை என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2015இல் அறிவித்தது. 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று பெரு நாடு லட்சக்கணக்கில் வழங்கியது. கிராமப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2012இல் வெளியானபோது மொழியிலும் கணிதத்திலும் பலன் தென்படவில்லை. சுவீடன் 2023இல் கைக்கணினியைப் பின்னுக்குத் தள்ளிப் பாடப்புத்தகத்துக்குத் திரும்பும் முடிவை எடுத்தது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நமக்கு நெருக்கமான இரண்டு. குஜராத்தில் லீ லிண்டன் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கணிப்பொறிப் பாடம் பள்ளி நேரத்தில் ஆசிரியருக்குப் பதிலாக வந்தபோது பிள்ளைகள் பின்னடைந்தார்கள். பள்ளி முடிந்தபின் கூடுதலாக வந்தபோது முன்னேறினார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் நடுநிலை வகுப்புகளில் நடந்த ஆய்வில், பாடக் காணொளிகளை ஆசிரியருக்குப் பயிற்சியோடு கொடுத்து வகுப்பறைத் திரையில் பயன்படுத்தியபோது மதிப்பெண் ஏறியது. ஆசிரியரைத் தாண்டிப் பிள்ளைகள் கையில் கைக்கணினியாகக் கொடுத்தபோது இறங்கியது. திரையாலும் பலன் வந்ததுண்டு என்று இதிலிருந்து எதிர்த்தரப்பு சொல்லலாம், வந்ததுண்டு, மறுக்கவில்லை. எங்கே வந்தது? ஆசிரியரின் கையைப் பலப்படுத்திய இடத்தில். நம் கொள்முதல் அறிவிப்புகளில் திரையின் அங்குலம் இருக்கிறது, நுண்செயலியின் வேகம் இருக்கிறது, உத்தரவாத ஆண்டு இருக்கிறது. அந்தக் கைக்கு என்ன ஒதுக்கினோம்?

6. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் சிலேட்டா?

இதுதான் தமிழ்நாட்டில் எல்லா விவாதத்தையும் முடித்துவைக்கும் கேள்வி. கேட்பவர்களுக்குக் கேட்க உரிமையும் இருக்கிறது. ஆங்கிலம் வேண்டாம், கணினி வேண்டாம், குலத்தொழில் போதும் என்று அடுத்தவர் பிள்ளைக்கு உபதேசம் செய்துவிட்டுத் தன் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பியவர்களை இந்த மண் பார்த்திருக்கிறது. ஆகவே கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தை நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். அதைக் கேலி செய்தவர்கள் அந்தக் கணினியில் மாணவர்கள் சினிமா பார்த்தார்கள் என்றார்கள். பார்த்திருப்பார்கள். அது அவர்களுடைய சொத்து. முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியதும் நிரல் எழுதப் பழகியதும் அதில்தான். அங்கே அவள் கருவியை ஆண்டாள். சுவரில் மாட்டிய பலகை யாருக்கும் சொந்தமில்லை. அவள் அதைத் தொடுவதே அபூர்வம். பழுதானால் உத்தரவாதக் காலம் முடியும்வரை ஒப்பந்ததாரருக்கு, பிறகு ஒட்டடைக்கு. சமூகநீதியின் பெயரால் பேசுவதானால் இந்த வேறுபாட்டையும் சேர்த்துப் பேச வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான மடிக்கணினி நின்றது, பலகை வந்தது. யாருக்கு என்ன குறைந்தது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைக்கு உண்மையில் எதை வாங்குகிறார்கள் என்றும் பாருங்கள். விளம்பரப் பலகையில் ஸ்மார்ட் கிளாஸ் இருக்கும். அதற்கு மேலே அவர்கள் பணம் கொட்டுவது சின்ன வகுப்புக்கு, மாலையில் வீட்டுக்கே வரும் டியூஷன் சாருக்கு, சந்தேகம் கேட்டால் உட்கார்ந்து சொல்லித்தரும் ஒரு மனிதருக்கு. அவர்கள் பெறுவதில் விலை மலிந்த பகுதியை எடுத்து அரசுப் பள்ளியில் மாட்டிவிட்டு, சமத்துவம் வந்துவிட்டது என்கிறோம்.

மனித நேரத்தை அரசால் பெரிய அளவில் கொடுக்க முடியாது என்பார்கள். கொடுத்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' வேறென்ன? ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள், மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பள்ளிகள் மூடிக் கிடந்த காலமெல்லாம் கல்வித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு, 2021 டிசம்பரில் பெரும் கற்றல் இழப்பைக் கண்டது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் திண்ணை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பலகைக்கும் ஆய்வகத்துக்கும் போட்ட ரூ.1,076 கோடியில் அந்த இரண்டு லட்சம் பேருக்கும் நான்கு ஆண்டுக்கு மேல் ஊக்கத்தொகை கொடுத்திருக்கலாம். ஆயிரம் ரூபாய் நியாயமான கூலி இல்லை என்பது வேறு விஷயம். இரட்டித்துக் கொடுத்தாலும் இரண்டு ஆண்டு ஓடும். திட்டமோ படிப்படியாகச் சுருங்கியது.

7. பிள்ளைகளைப் பற்றிய விவரம் யாருடையது?

சுருக்கமாகவே சொல்கிறேன். பெருந்தொற்றின்போது 49 நாட்டு அரசுகள் பரிந்துரைத்த 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த மனித உரிமைகள் கண்காணிப்பகம், அவற்றில் 145 பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு செய்யும் வகையில் விவரம் திரட்டியதாக 2022இல் அறிவித்தது. நம் நாட்டு அரசின் கல்வித் தளமான திக்ஷாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை எந்தக் கேள்வியில் எத்தனை விநாடி தயங்கியது என்பது எங்கே, எத்தனை காலம், யார் பொறுப்பில் இருக்கும் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யார்? தலைமையாசிரியருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது கடவுச்சொல் மட்டும்.

அப்படியானால் எதுவுமே வாங்க வேண்டாமா? வாங்க வேண்டும். பார்வையற்ற ஒவ்வொரு மாணவருக்கும் திரைவாசிப்பானோடு ஒரு மடிக்கணினி. பாடநூல், வினாத்தாள், பயிற்சித்தாள் அனைத்தும் ஒருங்குறியில். பின்தங்கிய பிள்ளை நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், பள்ளி நேரத்துக்கு வெளியே, பக்கத்தில் ஓர் ஆளோடு. ஒவ்வொரு வட்டாரத்திலும் பதிவேற்ற வேலைக்கென்று தனி ஆட்கள், ஆசிரியர் செயலியைத் திறக்கவே வேண்டாத அளவுக்கு.

மாட்டிய பலகைகளைக் கழற்றவும் வேண்டாம். அவை ஒரே நாளில் எல்லாப் பள்ளிக்கும் வரவில்லை. முன்னால் பெற்ற பள்ளியும் பின்னால் பெற்ற பள்ளியும் உண்டு. பிள்ளைகளின் தேர்ச்சி விவரமும் இத்தனை ஆண்டு ஆசிரியர்களை வாட்டி எடுத்துத் திரட்டிய எமிஸ் தளத்தில் இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு இரண்டு வகைப் பள்ளிகளையும் ஒப்பிடட்டும். ஒப்பிட்ட முடிவை, எதுவாக இருந்தாலும், அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன் சட்டமன்றத்தில் வைக்கட்டும். பலகை வென்றிருந்தால் மேலே எழுதிய இரண்டாம் மறுப்பை நான் திரும்பப் பெறுகிறேன். மற்ற ஆறுக்கும் பதில் வேறு வர வேண்டும்.